கடைசி வயல் சேர்

காலை ஆறு மணி ஐம்பது நிமிடம். குளக்கட்டில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது, வட்டையின் மறுகோடியில் அசைந்துகொண்டிருந்த ஒரு வெள்ளைச் சட்டை.

ஒரு குளத்தை நம்பிக் கிடக்கும் வயல்வெளி முழுவதையும் எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். இந்த வட்டை படுவான்கரையில், வாவியைக் கடந்து மேற்கே போனால் வருவது. அங்கிருந்த சிறு குளத்தையும் வாய்க்காலையும் ஒரு திட்டத்தில் திருத்திக் கொடுத்திருந்தார்கள். திருத்திய பின் தண்ணீர் எப்படிப் போகிறது என்று மதிப்பிட ஒருவர் வருகிறார், வந்து படம் எடுங்கள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அப்போது ஒரு நாளிதழுக்கு மட்டக்களப்பிலிருந்து செய்தி எழுதிக்கொண்டிருந்தேன்.

கட்டின் மேல், ஊர் விவசாயிகள் சேர்ந்த கமக்காரர் அமைப்பின் செயலாளர் நின்றார். பக்கத்தில் அலுவலர்கள், மாலையோடு ஒரு பெண், மர நிழலில் சோடாப் பெட்டி. குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் துருசுக்குப் பச்சை வர்ணம் பூசியிருந்தார்கள். அது இன்னும் காயவில்லை. எல்லோரும் வீதியைப் பார்த்து நின்றார்கள். வெள்ளைச் சட்டை அவர்களுக்குப் பின்னால், வரம்பு வரம்பாக, பெரிதாகிக்கொண்டே வந்தது.

"அதென்னகா, வெள்ளைச் சட்டையோட மாடு சாய்க்கிற ஆளா?" என்று மாலை வைத்திருந்த பெண் கேட்டாள்.

செயலாளர் திரும்பிப் பார்த்தபோது வெள்ளைச் சட்டைக்காரர் கட்டின் மேல் ஏறிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய, நெடிய, ஒடுங்கிய மனிதர். முழங்கால் வரை சுருட்டிய காற்சட்டை. காலில் கான்வஸ் சப்பாத்து, அதன் மேல் வெண்புழுதி.

"சேர், நாங்க ரோட்டைப் பாத்துக்கிட்டு நிக்கிறம்!"

"தண்ணி ரோட்டால வாறல்லையே," என்றார் அவர்.

மாலையைக் கையில் வாங்கி, துருசின் மேல் வைத்தார். பச்சை வர்ணம் பூவில் ஒட்டிக்கொண்டது. பிறகு தன் காலைக் காட்டினார். "கடைசி வயலுக்குள்ளால சப்பாத்தோட நடந்து வந்திரிக்கன். சேத்தில நடக்க ஏலாம இரிந்திரிக்கணும்."

சோடாவை யாரும் திறக்கவில்லை.

அவரை நான் முதலில் பார்த்தது அப்படித்தான். பிறகு நான்கைந்து ஆண்டுகள் அவருக்குப் பின்னால் நடந்திருக்கிறேன். சில நாட்களில் என் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அவரை ஏற்றிப் போயிருக்கிறேன். அரசாங்கத்தில் நீர்ப்பாசன வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு சிறு குளங்களையும் வாய்க்கால்களையும் மதிப்பிடக் கூப்பிட்ட இடங்களுக்குப் போய் வந்தார். அவருடைய பெயர் படுவான்கரையில் பலருக்குத் தெரியாது. கடைசி வயல் சேர் என்றால் தெரியும்.

எல்லாத் திட்டத்திலும் வருகிறவருக்குக் காட்ட ஒரு ஒழுங்கு இருக்கும். முதலில் கட்டு, அதிலுள்ள பெயர்ப்பலகை, பிறகு துருசு, பிறகு வாய்க்காலின் தொடக்கம். தேநீர். வெயில் ஏறிவிடும், மிச்சத்தை வாகனத்திலிருந்தே காட்டிவிடலாம். அவர் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினார். சொன்ன நேரத்துக்கு முன்னால், விடியலிலேயே வந்து, வாய்க்கால் எங்கே முடிகிறதோ அங்கே இறங்கி, தண்ணீர் வரவேண்டிய திசையை எதிர்த்து நடந்து கட்டுக்கு வருவார். கடைசி வயலில் சேறு இருந்தால் சப்பாத்தைக் கழற்றி, கயிற்றை முடிந்து கழுத்தில் போட்டுக்கொள்வார். இல்லாவிட்டால் அது காலிலேயே கிடக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அது பரவிவிட்டது. கட்டில் நிற்பவர்கள் கண்ணுக்கு மேலே கையை வைத்துத் தூரத்திலிருந்தே பார்ப்பார்கள். கழுத்தில் சப்பாத்து தெரிந்தால் முகம் மலரும். தெரியாவிட்டால் ஒவ்வொருவராக வாகனத்தடிக்குப் போய்விடுவார்கள்.

மதிப்பீட்டின் கணக்கு சின்னது. இத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் கொடுப்போம் என்று திட்டம் தொடங்கும்போது சொன்ன எண் ஒன்று. உண்மையில் எத்தனை ஏக்கருக்குப் போனது என்பது இன்னொன்று. பின்னதை முன்னதால் வகுத்தால் வருவதுதான் திட்டத்தின் மதிப்பெண். மற்றதெல்லாம் அதைச் சுற்றி எழுதும் பக்கங்கள்.

நாவற்குடாவில் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் கை கழுவப் பின்வளவுக்கு அனுப்புவார். வீட்டின் தண்ணீர்த் தாங்கியிலிருந்து மிகத் தள்ளி இருந்த குழாய் அது, கோழிக்கூட்டுக்கு அருகே. வாசலிலும் ஒரு குழாய் இருந்தது. அதைத் தொட விடமாட்டார்.

"வாற ஆக்கள் எல்லாரும் கோழிப்பீயை மிதிச்சுத்தான் கை கழுவணும்," என்றார் அவர் மனைவி. "இல்லாட்டி இவருக்குச் சோறு இறங்காது. தேர் பாக்கக் கூட்டிக்கொண்டு போனாலும் இவர் சாமியைப் பாக்கமாட்டார் தம்பி. வடத்தின்ட நுனியில நிக்கிறவன் இழுக்கிறானா, சும்மா பிடிச்சிரிக்கானா எண்டுதான் பாப்பார்."

"சும்மாதான் பிடிச்சிரிந்தான்," என்றார் அவர், சோற்றைப் பிசைந்தபடி.

ஏறாவூரில் நீர்க்குழாய்க் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர் தன் மகளின் கலியாணத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்தார். சஹன் சாப்பாடு. பெரிய தட்டொன்றைச் சுற்றி ஐந்தாறு பேராக அமர்ந்து ஒன்றாக உண்பது. ஹாஜியார் அவர் கையைப் பிடித்து முன்னுக்கு இழுத்தார்.

"சேர், மாப்பிள்ளைட சஹனுக்குப் பக்கத்தில இடம் வெச்சிரிக்கன், வாங்க."

"இல்ல ஹாஜியார். நான் கடைசிச் சஹன்ல இரிக்கன்."

"அங்க பந்தல் கட்டின பொடியன்மார்தான் இரிக்காங்க!"

"அவங்களுக்கு வருதா எண்டு பாக்கணும்."

ஹாஜியார் சிரித்தார். நாங்கள் கடைசியில் அமர்ந்தோம். சோறு வந்தது. கோழி வரும்போது சட்டியில் குழம்பும் உருளைக்கிழங்கும்தான் மிச்சம். பரிமாறியவர் குனிந்து, "காணுமா?" என்று கேட்டார். பந்தல்காரர் எல்லோரும் கையைக் குறுக்கே நீட்டி, "காணும், காணும்," என்றார்கள்.

எங்கள் ஊர்களில் காணும் என்றால் போதும் என்று பொருள். காணாது என்றால் போதாது. தமிழகத்திலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டுக் குழம்புவதுண்டு. இன்னொன்றும் உண்டு. சாப்பாட்டில் கை மறித்துச் சொல்லும்போது அது நிறைந்துவிட்டது என்ற சொல்லல்ல. நிறுத்து என்ற சொல். இரண்டுக்கும் ஒரே சொல்தான். காணாது என்று சபையில் வாய்விட்டுச் சொல்கிறவர் குறைவு.

திரும்பும்போது பின்னிருக்கையிலிருந்து சொன்னார்: "பாத்தீங்களா தம்பி. வாய் சொல்றதை எழுதினா இந்த மாவட்டத்தில பசிச்ச ஆளே இல்ல. தட்டைப் பாக்கணும்."

அதுதான் அவருடைய குறையும். வாயை அவர் கேட்பதில்லை. வயலில் யாராவது வந்து தங்கள் பாட்டைச் சொல்லத் தொடங்கினால், "நீங்க இரிங்க, வயல் சொல்லட்டும்," என்பார். நிலத்தில் கையை வைப்பார், வெடிப்பில் விரலை விடுவார், எழும்பி நடந்துவிடுவார். அந்த முதல் குளத்தின் கடைசி வயல்காரர் தம்பிராசா. அன்று விடியலில் அவர் இவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். அது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

இடையில் ஒரு குளத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மதிப்பிட வருகிறவர் கடைசி வயல் சேர்தான் என்ற செய்தி எப்படியோ முன்னதாகவே அந்த ஊருக்குப் போய்விட்டது. நாங்கள் போய் இறங்கியபோது கடைசி வயலில் கெண்டைக்கால் அளவு தண்ணீர் நின்றது. அவர் சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடுவில் போய் நின்றார். அவர் சிரித்ததை நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

அந்த வயலின் சொந்தக்காரர் ஒரு கிழவர். பல்லில்லாத வாயால் அவரும் சிரித்தார். கைகளைக் கூப்பினார்.

"சேர், நீங்க மாசத்துக்கு ஒருக்கா வந்தாக் காணும். எங்கட வெள்ளாமை விளைஞ்சிரும்."

சேரின் சிரிப்பு நின்றது. "ஏன் அப்பிடிச் சொல்றீங்க?"

"முந்தநாத்து மேல் வயல்காரன்ட வக்கடையெல்லாம் அடைச்சிட்டாங்களே. சேர் வாறாரெண்டு."

வக்கடை என்பது வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் எடுக்க வரம்பில் வெட்டும் வாய். மேலே உள்ள எல்லா வயல்களின் வாயையும் அடைத்து, வந்த தண்ணீர் முழுவதையும் கீழே தள்ளியிருக்கிறார்கள். நாங்கள் வாய்க்கால் வழியே மேலே நடந்தபோது ஒரு பெண் மண்வெட்டியால் அடைப்பை வெட்டிக்கொண்டே திட்டினாள். "ஆருகா அந்தக் கடைசி வயல் சேர்? அவன் வந்து போறதுக்கு என்ட பயிர் காயணுமோ?"

"நான்தான்," என்றார் அவர்.

அவள் ஏற இறங்கப் பார்த்தாள். கழுத்தில் சப்பாத்து தொங்கியது. "அப்ப ஒரு முடிவாச் சொல்லிட்டுப் போங்க. தண்ணி மேலயா கீழயா?"

இரண்டுக்கும் காணாத தண்ணீர்தான் அந்தக் குளத்தில் கிடந்தது.

மறு ஆண்டு சிறுபோகத்தில், மழையில்லாத மாதங்களில் குளத்து நீரை நம்பிச் செய்யும் போகத்தில், முதல் குளத்துக்கு அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். முந்திய அறிக்கையில் அவர் தண்ணீர் கடைசி வயலுக்குப் போகவில்லை என்று எழுதியிருந்தார். இப்போது குறை தீர்ந்துவிட்டது, வந்து பார்க்கலாம் என்றார் செயலாளர். நானும் போனேன். இம்முறை செயலாளர் விடியலிலேயே வந்து, வயல் நடுவில், வரம்பின் மேல் காத்திருந்தார்.

"இதுதான் சேர் கடைசி வயல். இறங்கிப் பாருங்க. சப்பாத்தைக் கழட்டுங்க."

அங்கே ஒரு கல் நட்டிருந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் மினுங்கியது, பயிர் கதிர் தள்ளுமுன் வரும் குடலைப் பருவத்தில் நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் காய்ந்த புல். அதில் மாடுகள்.

அவர் புல்வெளியைப் பார்த்தார். "அங்கால?"

"அது இப்ப மானாவாரி சேர். போகம் தொடங்க முந்தின கூட்டத்தில தீர்மானம் எடுத்துப் பாசனப் பரப்பில இருந்து நீக்கியாச்சு. நீங்கதானே எழுதினீங்க, அங்க தண்ணி போகாதெண்டு. போகாத இடத்தைக் கணக்கில வெச்சிரிந்து என்ன செய்யிற?"

செயலாளர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அப்படி நம்பிப் பேசினார்.

மாடுகளின் நடுவிலிருந்து தம்பிராசா எழுந்து வந்தார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கும்பிடுறன் சேர்."

"உங்கட வயலுக்குத்தான் வந்திரிக்கன், தம்பிராசா. கடைசி வயல்."

"நாங்க கடைசியில்ல சேர் இப்ப. நாங்க வெளிய."

தம்பிராசா கல்லின் மேல் கையை ஊன்றினார். பிறகு குரலை உயர்த்தாமல், ஒவ்வொன்றாகச் சொன்னார். உர மானியம் நின்றுவிட்டது. பயிர் அழிந்தால் நட்ட ஈடு இல்லை. கூட்டத்தில் கை உயர்த்த முடியாது. முன்பு தண்ணீர் வராவிட்டாலும் வரவில்லை என்று கேட்க ஒரு இடம் இருந்தது.

"அண்டைக்கு விடியக் கேட்டன், நினைவிரிக்கா சேர்? இதை எழுதினா எங்களுக்கு என்ன நடக்குமெண்டு."

"நான் என்ன சொன்னன்?"

"உள்ளதை எழுதினா உள்ளது நடக்குமெண்டு சொன்னீங்க."

அன்று அவர் சப்பாத்தைக் கழற்றினார், ஆனால் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. கையில் தூக்கிக்கொண்டு கட்டுக்குப் போனார். கட்டில் நின்றவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

கல்லிலிருந்து துருசு வரை அளந்தால் தண்ணீர் எல்லா ஏக்கருக்கும் போயிருந்தது. திட்டத்துக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. கணக்கில் பிழையில்லை. தம்பிராசாவின் புல்வெளியைப் பற்றி நான் எழுதி அனுப்பிய செய்தியைக் கொழும்பில் குறைத்து, "கடைசி வயல் வரை பாய்ந்தது நீர்" என்று தலைப்பிட்டார்கள். அன்று நாங்கள் வாவியைக் கடக்கும் வலையிறவுப் பாலம் வழியாகத் திரும்பினோம். பாலத்தில் ஏறியதும், காற்றுக்கு மேலாகச் சத்தமிட்டு, "வகுக்கிற எண்ணை வெட்டிப் போட்டாங்க தம்பி," என்றார்.

நாடு முழுவதும் உரம் கிடைக்காமல் போன காலத்துக்குப் பிறகு வந்த சிறுபோகத்தில் நான் கடைசியாக அவரோடு ஒரு வட்டைக்குப் போனேன். வாவிக்கரையில் போய் முடிகிற வட்டை. வீதியிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை வாய்க்காலுக்குக் கொங்கிறீட் போட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் பழைய மண்வாய்க்கால், பாதி தூர்ந்தது. கடைசி வயலின் ஓரத்தில் மண் வெள்ளையாகப் பூத்திருந்தது. மேலிருந்து நன்னீர் வராத வயலுக்குள் வாவியின் உப்பு ஏறத் தொடங்கியிருந்தது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அனலாக அடித்தது. பயிர் முழங்காலுக்குக் கீழே நின்றுவிட்டது. நுனிகள் பழுத்துச் சுருண்டிருந்தன.

வயலின் ஓரத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மண்வெட்டியோடு நின்றார். பெயர் பூமணி. கணவர் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் வயலும் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். ஆண்கள் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவார்கள். அந்த வயல் பூமணிக்குத் தாய் கொடுத்தது. ஆவணியில் மகளுக்குக் கலியாணம், வயலை அவள் பெயருக்கு எழுதுவதாகப் பேச்சு. இதையெல்லாம் பூமணியே சொன்னார். சேர் முதல் தடவையாக, குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் கேட்கவேண்டியதைக் கேட்டார்.

"தண்ணி காணுமா பூமணி?"

"காணும் சேர்."

அவர் குனிந்து வெடிப்பில் விரலை விட்டார். விரல் முழுவதும் உள்ளே போனது.

"பயிர் எரிஞ்சிரிக்கு."

"அது வெயிலுக்கு."

"வாய்க்காலுக்குள்ள புல்லு முளைச்சிரிக்கு."

"மாட்டுக்கு ஆகும்."

"இது உப்பு."

"வாவி பக்கத்தில எண்டா உப்பு இரிக்கும்தானே."

அவர் நிமிர்ந்தார். "நான் உங்களுக்கு விரோதியில்ல. உள்ளதைச் சொல்லுங்க. சொன்னாத்தானே வாய்க்காலைத் திருத்தலாம்?"

பூமணி மண்வெட்டியை வரம்பில் ஊன்றினார். "எங்கட அண்ணனும் உள்ளதைத்தான் சொன்னார் சேர். இப்ப அவர்ட வயல் எங்க?"

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. எனக்கும்தான். அண்ணன் என்றது தம்பிராசாவை. அவர் கலியாணம் முடித்து முதல் குளத்து ஊருக்குப் போனவர். பிறந்தது இந்த ஊர்.

"அண்ணன் சொன்னவர், சேர்ட கால்ல சப்பாத்து கிடந்தா அந்த வயலுக்குச் சனியன் எண்டு," என்றார் பூமணி. பிறகு தன் சொல் அவருக்கே கடுமையாகப் பட்டிருக்க வேண்டும். "தேத்தண்ணி குடிங்க சேர், பிளாஸ்க்கில இரிக்கு," என்றார்.

"மானாவாரி எண்டு எழுதின காணியை மாப்பிள்ளை வீட்டார் ஏற்கமாட்டாங்களா?" என்று சேர் கேட்டார்.

"ஏற்பாங்களா சேர்? நீங்க ஏற்பீங்களா?"

அவர் தேநீரை நின்றபடியே குடித்தார். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். தூரத்தில், குளக்கட்டின் மேல், வண்ணத் துணிகள் அசைந்தன. இங்கிருந்து யாரென்று தெரியாது. வந்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும்.

"அப்ப நான் என்ன எழுத?"

"நான் சொன்னதை எழுதுங்க." பூமணி கையைக் குறுக்கே நீட்டினார், சஹனில் கோழிச் சட்டியை மறித்தவர்களைப் போல. "காணும் சேர். காணும்."

நாங்கள் நடக்கத் தொடங்கினோம். அவர் முன்னால், நான் பின்னால். அந்த வட்டையில் கொங்கிறீட் தொடங்கும் இடம் வரை நிழல் கிடையாது. நிலம் கொதித்தது, என் செருப்பின் அடியிலேயே சூடு தெரிந்தது. பாதி தூரம் வந்திருப்போம். அவர் நின்றார். வரம்பில் அமர்ந்தார். களைப்பு என்று நினைத்தேன். குனிந்து ஒரு சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார், பிறகு மற்றதை. இரண்டையும் சேர்த்து முடிந்தார். எழுந்து கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"சேர், நிலம் சுடுது," என்றேன்.

"வாங்க தம்பி," என்றார்.

வெறுங்காலோடு நடந்தார். வேகமாகவும் நடக்கவில்லை, தாண்டித் தாண்டியும் நடக்கவில்லை. சேற்றில் நடக்கிறவர் காலை எடுத்து வைப்பதைப் போல நிதானமாக ஒவ்வொரு அடியாக வைத்தார். கட்டில் நின்றவர்களில் ஒருவர் கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்தார். பிறகு திரும்பி மற்றவர்களுக்கு ஏதோ சொன்னார். நாங்கள் கட்டுக்கு வந்தபோது சோடாக்கள் திறந்து வைக்கப்பட்டிருந்தன. மாலையை இம்முறை அவர் போட்டுக்கொண்டார். சப்பாத்தும் மாலையும் ஒன்றாகக் கழுத்தில் தொங்க, நான் எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

திரும்பும்போது பின்னிருக்கையில் காலைப் படியில் வைக்காமல் இரண்டையும் தூக்கிப் பிடித்திருந்தார். உள்ளங்கால்கள் சிவந்து நீர் கோத்திருந்தன. மனைவி கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். கழுத்தில் தொங்கிய சப்பாத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அறிக்கையில், கடைசி வயலுக்கு நீர் போதுமானது, பயனாளி தாமே கூறினார் என்று எழுதினார். திட்டம் நல்ல மதிப்பெண் பெற்றது. நல்ல மதிப்பெண் பெற்ற திட்டத்தில் திருத்த வேலை செய்ய இடமில்லை என்பதால், தூர்ந்த மண்வாய்க்காலுக்கு வரவேண்டிய கொங்கிறீட் வேறொரு வட்டைக்குப் போனது. அவர் அதற்குப் பிறகு மதிப்பீட்டுக்குப் போகவில்லை. கூப்பிட்டவர்களிடம் கால் ஏலாது என்றார். ஹாஜியாரின் இரண்டாவது மகளின் கலியாணத்தில் அவரைக் கண்டேன். முன்னால், மாப்பிள்ளையின் சஹனுக்குப் பக்கத்தில் அமர்ந்து, தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

போன மாரிகாலத்தில் அவர் இறந்தார். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் வாசலில் இருந்த குழாயில் கை கழுவினார்கள். தம்பிராசா வந்திருந்தார். பூமணியும் வந்திருந்தார், மகளின் கலியாணம் குறித்தபடி ஆவணியிலேயே நடந்துவிட்டது என்றார். காணியைப் பற்றி நான் கேட்டேன்.

அது மகளின் பெயருக்கு எழுதப்பட்டு, இன்றும் அந்தத் திட்டத்தின் பாசனப் பரப்புக்குள் இருக்கிறது. கடந்த சிறுபோகத்தில் அதில் யாரும் விதைக்கவில்லை.